மொய் நோட்டைக் கேட்டால் கொடுப்பீர்களா?

'ஒரு அட்ரஸ் பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று சொல்லி, உங்கள் வீட்டுக் கல்யாணத்து மொய் நோட்டை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். நோட்டு உங்களுடையதுதான். ஆனால், உள்ளே இருப்பதெல்லாம் சொந்தபந்தங்களின் பெயரும் ஊரும் ஆயிற்றே!

ஆனால், 'போன ஜென்மத்தில் நீங்கள் யார்?' என்று ஃபேஸ்புக்கில் ஒரு ஆப் கூப்பிட்டால், யோசிக்காமல் 'ஓகே' அழுத்திவிடுகிறோம்.

அதன் விளைவு என்ன என்பதைக் காட்டியது கேம்பிரிட்ஜ் அனாலிடிகா விவகாரம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்ஸாண்டர் கோகன், நம் குணத்தைக் கணித்துச் சொல்லும் ஆப் ஒன்றை உருவாக்கினார். அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். ஆனால், ஒருவர் சம்மதித்தால் அவருடைய நண்பர்களின் விவரங்களையும் வெளி ஆப்கள் எடுக்க ஃபேஸ்புக் அப்போது அனுமதித்திருந்தது. அதனால், கை மாறிய விவரங்கள் 8.7 கோடி பேர் வரைக்கும் இருக்கலாம் என்று பின்னர் ஃபேஸ்புக்கே சொன்னது. கோகன் விதிகளை மீறி, அவற்றை அரசியல் பிரசார வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனாலிடிகாவுக்குக் கொடுத்திருந்தார்.

நம் நாட்டுக் கணக்கைக் கேளுங்கள். இந்தியாவில் அந்த ஆப்பைப் பயன்படுத்தியவர்கள் வெறும் 335 பேர். நண்பர்கள் வழியாக விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர்! அவர்கள் யாரும் எதற்கும் 'ஓகே' சொல்லவில்லை.

விஷயம் 2015 டிசம்பரில் பத்திரிகையில் வந்ததும், 'அழித்துவிடுங்கள்' என்றது ஃபேஸ்புக். 'அழித்துவிட்டோம்' என்று அவர்கள் சொன்னதை நம்பிவிட்டது. 2018 மார்ச்சில் உண்மை வெடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு அமைப்பு ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கட்டினாலும் போன விவரம் திரும்பி வருமா?

நண்பர்களின் விவரத்தை அள்ளும் அந்த வழியை 2015-லேயே ஃபேஸ்புக் அடைத்துவிட்டது. ஆனால், நாமாகத் திறந்துவிட்ட கதவுகள் அப்படியே இருக்கலாம். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பகுதிக்குப் போய்ப் பாருங்கள். என் பட்டியலில் 17 பெயர்கள் இருந்தன. பாதியை எப்போது சேர்த்தேன் என்றே ஞாபகமில்லை. தேவையில்லாததை நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துப் போனதை இது அழிக்காது. இனிமேல் எடுப்பதைத் தடுக்கும்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் பெரியவர்களின் போனையும் வாங்கிப் பாருங்கள். ஜென்ம ரகசியம் கேட்டு 'ஓகே' அழுத்தியதில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே இருப்பார்கள்!