உப்புக் கரிக்கும் முத்தம்

"பாப்பாவுக்கு முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குது, சளியும் விட்டபாடில்லை," என்றார் ஒரு நேயர். "நம்ம ஊர் வெயில் அப்படி, அக்கா!" என்று சிரித்துப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

வீட்டில் படித்தபோதுதான் உறைத்தது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாகவும் இருக்கலாம். இந்தப் பரம்பரை நோயில் நுரையீரல் சளி பசையாகிவிடும். சூடோமோனாஸ் கிருமி அதில் கூடு கட்டும். வெள்ளை அணுக்கள் படையெடுத்து, கூட்டைத் துளைக்க முடியாமல் அங்கேயே மடியும். கொடுமை என்னவென்றால், மடிந்த அணுக்களின் டிஎன்ஏ சளியை இன்னும் இறுக்கும்; அவை கக்கிய நொதிகள் நுரையீரலையே அரிக்கும். அந்த டிஎன்ஏவை வெட்டும் நெபுலைசர் மருந்தை அமெரிக்கா 1993இல் அனுமதித்தது.

ஆசியர்களிடம் அரிதுதான். ஆனாலும் மறுநாள் அந்த அக்காவுக்குப் போன் போட்டேன்: "வியர்வையில உப்பு பார்க்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க."