மாமாவுக்கு ஒரு முத்தம் குடு!

வருடத்துக்கு ஒரு நாள் நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு சடங்கு நடக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வருவார். படம் போட்டுக் காட்டுவார். 'குட் டச், பேட் டச்' என்று குழந்தைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பார். யாராவது தப்பாகத் தொட்டால் 'நோ' என்று கத்த வேண்டும், ஓடி வர வேண்டும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்தாயிற்று. அடுத்த பீரியட் கணக்கு.

அந்த ஒரு மணி நேரம் போக, மீதி வருடம் முழுக்க அதே குழந்தைக்கு நாம் சொல்லித் தருவது என்ன? 'பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே.' வீட்டுக்கு வந்த உறவினர் கையை நீட்டுகிறார். குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிகிறது. 'மாமாவுக்கு ஒரு முத்தம் குடு கண்ணு, இல்லைன்னா மாமா கோவிச்சுக்குவாரு' என்று நாமே இழுத்து அவர் மடியில் உட்கார வைக்கிறோம். உன் உடம்பு உன்னுடையது என்று வகுப்பில் சொன்னதை வீட்டுக் கூடத்தில் நாமே அழித்துவிடுகிறோம்.

மாமாக்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அயோக்கியன் எங்கிருந்து வருகிறான்? மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். 53.22 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் பையன்கள். (நம் போஸ்டர்களில் எப்போதும் ரெட்டைச் சடைப் பெண் குழந்தைதானே இருக்கிறாள்?) செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

இந்த ஆய்வு வந்த அதே 2007-ல்தான் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று மாநிலம் மாநிலமாக, வளரிளம் பருவத்தினருக்கான பாலியல் கல்வியே கலாசாரத்துக்கு ஆகாது என்று தடுத்தார்கள்!

ஏன் சொல்லவில்லை? முதலில், சொல்ல வார்த்தை இல்லை. கண், மூக்கு, காது என்று பாட்டுப் பாடிக் கற்றுத் தருகிற நாம், அந்த இடத்துக்கு வந்ததும் 'ஷேம் ஷேம்' என்கிறோம். உடம்பின் ஒரு பகுதிக்குப் பெயரே 'அவமானம்' என்றால், அங்கே நடந்ததை எந்தக் குழந்தை வாய் திறந்து சொல்லும்?

இரண்டாவது, அந்த 'பேட் டச்' என்ற சொல்லே ஏமாற்றுகிறது. எல்லாத் தொடுகையும் வலிக்காது. சாக்லேட்டோடு வரும், விளையாட்டாக வரும். கெட்டதாகத் தோன்றாததால், நாம்தான் கெட்ட பிள்ளை போலிருக்கிறது என்று குழந்தை குழம்பிப் போகும். அதைவிட, 'அம்மாகிட்ட சொல்லாதே, இது நமக்குள்ள ரகசியம்னு யார் சொன்னாலும் உடனே வந்து சொல்லு' என்று கற்றுத் தரலாம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இது புரியும்.

'இந்த வயசுல இதெல்லாம் சொன்னா பிஞ்சிலேயே பழுத்துடாதா சார்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கை வைக்கிறவன் வயது பார்ப்பதில்லையே, ஐயா.

சரி, குழந்தை தைரியமாக வந்து டீச்சரிடம் சொல்லிவிட்டது. அப்புறம்? அங்கேதான் நம் பள்ளிகளின் லட்சணம் தெரியும். 'ஸ்கூல் பேர் கெட்டுடும்', 'பொண்ணோட எதிர்காலம் என்னாகும்', 'பேசி முடிச்சுக்கலாம்.' 2012-ல் வந்த போக்சோ சட்டம் இப்படிப் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை. தெரிந்தும் போலீசுக்குத் தகவல் தராமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிர்வாகி மறைத்தால் ஒரு வருடம் வரை. எத்தனை பள்ளிகளில் இதை ஆசிரியர்களுக்கு ஒரு தடவையாவது படித்துக் காட்டியிருக்கிறார்கள்?

அதனால் முதல் வகுப்பைக் குழந்தைகளுக்கு நடத்தாதீர்கள். டீச்சர், ஆயா, வேன் டிரைவர், தாளாளர், அப்பா, அம்மா எல்லோரையும் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார வையுங்கள். குழந்தை சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்பது எப்படி, 'நீ ஏன் அங்கே போனே?' என்று திட்டாமல் இருப்பது எப்படி, 1098-க்கு யார் போன் செய்வது என்பதையெல்லாம் அவர்கள் படிக்கட்டும். அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு நாள் அல்ல, வாரம் ஒரு பீரியட் கொடுங்கள். அதில் உடம்பு மட்டும் போதாது. பயம், கோபம், நட்பு, பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்வது, அடுத்தவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவது, எல்லாம் வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: 'என் குழந்தை உங்ககிட்ட வந்து சொன்னா, நீங்க என்ன செய்வீங்க?' பதிலை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.