ஜூம் அவுட் செய்தால் தீவு எங்கே போகிறது? கடல் வரைபடத்தைச் சுருக்கக் கணினி திணறுவது ஏன்?

உங்கள் ஃபோனில் மேப்பைத் திறந்து ஜூம் அவுட் செய்து பாருங்கள். முதலில் உங்கள் தெரு மறையும், அப்புறம் ஊரே மறையும். யாருக்கும் நஷ்டமில்லை. இதுவே நடுக்கடலில் நடந்தால்?

2014 நவம்பர் 29. வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் கேப் டவுனிலிருந்து அபுதாபி நோக்கிச் சென்ற 'வெஸ்டாஸ் விண்ட்' பாய்மரப் படகு, இருட்டில் ஒரு பவளத்திட்டில் போய் மோதியது. மொரிஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஜோஸ் திட்டு அது. படகிலிருந்த 9 பேரும் உயிர் தப்பினர்.

அந்தத் திட்டு திடீரென்று முளைத்ததல்ல. படகிலிருந்த மின்னணு வரைபடத்திலேயே அது இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், சுருக்கிப் பார்த்தால் தெரியாது. அவ்வளவுதான். 2015-இல் வந்த விசாரணை அறிக்கை இரண்டு குறைகளைச் சொன்னது: குழுவினர் வரைபடத்தைப் பயன்படுத்திய விதம் ஒன்று, சுருக்கிய காட்சியில் வரைபடம் ஆபத்தைக் காட்டிய விதம் இன்னொன்று.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

வரைபடத்தைச் சுருக்கும்போது சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றை வேண்டுமென்றே பெரிதாக்கிக் காட்டுவார்கள். இதற்கு 'ஜெனரலைசேஷன்' என்று பெயர்.

லட்சத்தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 36 தீவுகள், மொத்தப் பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர். 10 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 1 கிலோமீட்டர் 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் 32 சதுர மில்லிமீட்டர்தான், உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. ஆனாலும் பள்ளி அட்லஸில் புள்ளிகளாகத் தெரிகின்றன, இல்லையா? தெரிய வேண்டும் என்று யாரோ முடிவெடுத்ததால்தான்.

தரைக்கு முடிந்தது, கடலுக்கு ஏன் முடியவில்லை?

நெதர்லாந்தின் நில அளவை நிறுவனமான கடாஸ்டர், 1:10,000 தரவிலிருந்து 1:50,000 வரைபடத்தை முழுக்க முழுக்கக் கணினியாலேயே உருவாக்குகிறது. கடலில் அந்த நிலை இன்னும் வரவில்லை.

காரணம் இதுதான். பக்கத்துப் பக்கத்து நான்கு இடங்களில் ஆழம் 12, 15, 9, 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம். சராசரி போட்டால் 12.5 வரும். 11 மீட்டர் ஆழம் தேவைப்படும் கப்பல் அதை நம்பிப் போனால் தரைதட்டும். எனவே 9-ஐத்தான் வைக்க வேண்டும். ஆழக்கோட்டை வளைவு நெளிவு குறைத்து வரையும்போதும், ஆழமான பக்கம் மட்டுமே நகர்த்தலாம். உண்மையைவிட ஆழம் குறைவாகக் காட்டினால் பரவாயில்லை. அதிகமாகக் காட்டவே கூடாது.

இந்த விதியைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகுதான். விதியைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றினால், இரண்டு திட்டுகளுக்கு நடுவே உள்ள குறுகலான பாதுகாப்பான வழியும் அடைபட்டுவிடும். எல்லா ஆபத்தையும் காட்டினால் திரை முழுக்க எண்கள்தான். அதில் முக்கியமானதே கண்ணில் படாது. பாதுகாப்பும் தெளிவும் மோதும் இடத்தில் இன்னும் மனிதக் கண் தேவைப்படுகிறது.

அப்படியானால் மனிதர்களே செய்யலாமே?

இன்றைய மல்டிபீம் சோனார் கருவிகள் ஒரே சர்வேயில் கோடிக்கணக்கான ஆழ அளவுகளைக் கொண்டுவருகின்றன. அவை வெவ்வேறு அளவு வரைபடங்கள் ஒவ்வொன்றிலும் ஏற வேண்டும். இந்தியாவில் இந்த வேலை நடப்பது கடலே இல்லாத டேராடூனில், தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகத்தில். எஸ்-100 என்ற புதிய தலைமுறைத் தரநிலைப்படியான கருவிகளைக் கப்பல்கள் 2026 ஜனவரி 1 முதல் பயன்படுத்தலாம். 2029 முதல் புதிதாகப் பொருத்தும் கருவிகளுக்கு அது கட்டாயம். வேலை கூடுமே தவிர குறையாது. கணினி இல்லாமல் சமாளிக்க முடியாது.

ஆனால் கணினி தரும் வேகத்தோடு ஒரு கேள்வியும் வருகிறது: ஒரு பாறையை நீக்கியது எந்த விதி, அதைச் சரிபார்த்தது யார்? இதற்குப் பதில் பதிவாகியிருக்க வேண்டும். ஏனென்றால் திரையில் ஒரு இடம் காலியாகத் தெரிவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: அங்கே ஒன்றுமில்லை, அல்லது இந்த அளவில் காட்டவில்லை. படகு ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே நீலம்தான்.