கொடுத்தவளும் எழுதட்டும்

தோட்டப்புறம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பின்னர், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா என்னிடம் வந்து தமது கதையை எழுதித் தரும்படி கேட்டார். 1980களில் தமது பிள்ளையை வெளிநாட்டுத் தம்பதியருக்குத் தத்துக் கொடுத்தவர் அவர். நானும் பேனையை எடுத்து, 'வறுமையினால் பிள்ளையைக் கைவிட்டேன்' என்று தொடங்கி வாசித்துக் காட்டினேன். அவர் உடனே மறித்தார். "கைவிடலீங்க சாமி. குடுத்தேன். நல்லா வளரட்டும்னுதான் குடுத்தேன்."

குருமடத்தில் நான் கற்ற தமிழ் அந்த ஒரு சொல்லில் தோற்றுப்போனது. கொப்பியை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். மூன்று மாதங்களில் பதினொரு பக்கங்கள் எழுதினார்.

'இந்த வயதில் எழுத்தாளராவதா?' எனச் சிலர் சிரிக்கலாம். ஆனால், தத்து பற்றிய எழுத்து பிந்தித்தான் பிறக்கிறது. வளர்த்தவர் மனம் நோகுமே என்று பிள்ளை பேசாதிருக்கிறது. ஊர் தூற்றுமே என்று தாய் பேசாதிருக்கிறாள். அச்சம் தணியும்போது தலை நரைத்துவிடுகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் பேற்றன் என்ற பெண்மணியின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. 1908இல் பிறந்து, சிறு வயதிலேயே இருமுறை தத்துக் கொடுக்கப்பட்டவர். சமூகப் பணியாளராகத் தொழில் புரிந்தவர். தம்மைப் போன்று தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 40 பேரின் அனுபவங்களைத் திரட்டி, 1954இல் நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 45. தத்துப் பிள்ளைகளைப் பற்றி மற்றவர்களே பேசிவந்த காலத்தில், அவர்களே பேசிய நூல் அது. அறுபதை அண்மித்த வயதில், 1968இல், புனைபெயரில் இன்னொரு நூலும் எழுதினார்.

எமது நாட்டில் இந்தத் தேவை இன்னும் அவசரமானது. 1970களிலும் 80களிலும் இங்கிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குச் சென்றதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுட் பலருடைய ஆவணங்கள் பொய்யானவை. பெற்றவளுக்குப் பதிலாக வேறொரு பெண் தாயாக நடித்துக் கையொப்பமிட்ட சம்பவங்களும் உண்டு. 1992இல் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டவர் தத்தெடுப்பது இறுக்கமாக்கப்பட்டது. நெதர்லாந்துத் தொலைக்காட்சி 2017இல் இம்மோசடிகளை வெளிக்கொணர்ந்தபோது எமது அன்றைய சுகாதார அமைச்சரும் அவற்றை ஏற்றுக்கொண்டார். சுவிற்சர்லாந்து அரசு 2020இல் தனது பக்கத் தவறுகளுக்காக வருத்தம் தெரிவித்தது.

ஆகவே, இப்பிள்ளைகளின் கதையை முதலில் எழுதியவர்கள் தரகர்களும் எழுதுவினைஞர்களுமே. இன்று நடுத்தர வயதை அடைந்துவிட்ட அப்பிள்ளைகள் அந்தக் கடதாசிகளுடன் இங்கு வந்து தாயைத் தேடுகின்றனர். மரபணுப் பரிசோதனை உறவை உறுதிப்படுத்தலாம். ஏன் கொடுத்தாள் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்து, ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

எனவே கிராமங்களில் பணிபுரிவோரிடம் சில வேண்டுகோள்கள். அத்தகைய தாய்மார் எழுத விரும்பினால் துணை நில்லுங்கள், விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால், சொன்ன சொல்லையே எழுதுங்கள். பிள்ளை பிறந்த திகதி, வைத்தியசாலை, கொண்டு சென்றவர் யார் என்பனவும் அதில் இருக்கட்டும். தாயின் அனுமதியின்றிப் பெயரை எவருக்கும் வெளியிடாதீர்கள். அவளுக்குப் பின்னர் அமைந்த குடும்பம் இதை அறியாதிருக்கலாம். எமது இல்லங்களிலும் பங்குகளிலும் உள்ள பழைய பதிவேடுகளைக் கறையானுக்குக் கொடுக்காது பாதுகாப்பதும் நீதியின் ஒரு பகுதியே.

தத்தெடுத்தல் தீமையென்று நான் கூறவில்லை. அன்புடன் வளர்த்தவர்கள் பலர். அந்த அன்பின் கதைக்கு முன்னே ஒரு தாயின் கதையும் உண்டு. அதை அவளே சொல்லட்டும் என்பதே என் வாதம்.

அந்த அம்மாவிடம், இதை எமது சஞ்சிகையில் அச்சிடலாமா என்று கேட்டேன். கொப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல அவன் வந்து படிக்கட்டும் சாமி. அப்புறம் பாப்போம்."