மொறுமொறு அரிசி, இனிப்புப் பயறு: ஜப்பான் டப்பாவில் இருந்தது என்ன?

கேள்வி: ‘‘ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது ஒரு டப்பா பலகாரம் கொண்டு வந்தான். எல்லாமே அரிசியில் செய்ததாம். ஒன்று சோயா சாஸ் தடவி உப்பும் இனிப்புமாக இருந்தது. இன்னொன்றில் அப்பளம் மாதிரி இரண்டு ஓடுகளுக்கு நடுவே சிவப்புப் பயறு பூரணம். எங்கள் மகளிர் குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இட்லி அரிசியும் தட்டைப்பயறும் எங்களிடமே விளைகின்றன. இதைச் செய்து விற்கலாமா? இயந்திரம் வாங்க வங்கியில் கடன் கேட்கப் போகிறோம்.’’

- வாசகி ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், டப்பாவில் மிச்சம் இருப்பதை இன்னொரு முறை உடைத்துப் பார்ப்பது நல்லது. கண்ணுக்கு எல்லாமே அரிசிப் பலகாரம்தான். ஆனால், ஜப்பானியர்கள் அவற்றை இரண்டு வேறு வேறு அரிசிகளில் செய்கிறார்கள். எந்தப் பலகாரம் வேண்டும் என்பது அங்கே நாற்று விடும்போதே முடிவாகிவிடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் இயந்திரம் வாங்கினால், இயந்திரம் ஓடும், பலகாரம் வராது.

இரண்டு அரிசி

தினமும் சோறு வடிக்கும் அரிசிக்கு ஜப்பானில் ‘உருச்சி’ என்று பெயர். ஒட்டும் தன்மையுள்ள அரிசிக்கு ‘மோச்சி’ என்று பெயர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாவுச்சத்தில் இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. மோச்சியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை. உருச்சியில் ஏறக்குறைய 20 சதவிகிதம் வரை இருக்கும். நம் இட்லி அரிசி ரகங்கள் பலவற்றில் அதைவிடவும் கூடுதல். அமைலோஸ் கூடக் கூட, வெந்த மாவு ஆறியதும் இறுகும். அது குறைந்தால் மாவு பசை போல இழுபடும், சூட்டில் உப்பும்.

சோயா சாஸ் தடவிய வட்டமான, கடித்தால் ‘படக்’ என்று உடையும் பலகாரம் ‘செம்பெய்’. இது உருச்சி அரிசியில் செய்வது. அரிசியை மாவாக்கி, ஆவியில் வேகவைத்து, இடித்துப் பிசைந்து, தேய்த்து, வட்டமாக வெட்டிக் காய வைத்து, பிறகு தணலில் சுடுவார்கள். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்தில் உள்ள சோகா நகரம் இதற்குப் பெயர் பெற்றது. பழைய நெடுஞ்சாலையில் பயணிகள் தங்கிப்போன ஊர் அது. சுடும்போது மாவு உப்பி வளையாமல் இருக்க, கைப்பிடி வைத்த ஒரு கருவியால் அழுத்தி அழுத்தித் திருப்புவார்கள். அதனால்தான் அது கெட்டியாக இருக்கிறது.

சிறு சிறு துண்டுகளாக, லேசாக, உள்ளே காற்றறையோடு இருந்தவை ‘அராரே’, ‘ஒகாகி’ வகைகள். இவை மோச்சி அரிசி. ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலக்கையால் இடிப்பது போல இடித்துக் கட்டியாக்கி, குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் இறுக விடுவார்கள். அதன் பிறகே வெட்டிக் காய வைத்துச் சுடுவார்கள்.

பயறுப் பூரணம் வைத்த பலகாரத்தின் பெயர் ‘மோனாகா’. முழுநிலவைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அதன் ஓடும் மோச்சி அரிசிதான். மாவை வேகவைத்து, மெல்லிசாகத் தேய்த்து, வெட்டி, சூடான இரும்பு அச்சில் வைத்து மூடினால் அச்சின் வடிவத்துக்கு உப்பிக்கொள்ளும். வாயில் போட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரைவது அதனால்தான். இந்த ஓட்டுக்கு அங்கே ‘தானே’, அதாவது ‘விதை’ என்று பெயர். ஓடு மட்டுமே செய்து இனிப்புக் கடைகளுக்குக் கொடுப்பதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

மகரந்தம் கலந்தால் கெட்டது

மோச்சி நெல் பயிரிடுவதில் விவசாயிக்கு ஒரு கஷ்டம் உண்டு. பக்கத்து வயலில் சாதாரண நெல் பூத்து, அதன் மகரந்தம் மோச்சிக் கதிரில் விழுந்தால், அந்த மணி அதே பருவத்திலேயே சாதாரண அரிசியாகிவிடும். அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்படிக் கலந்த அரிசியை இடித்தால் மாவில் பசை குறையும். ஓடு சரியாக உப்பாது. அதனால் வட ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஒரு வட்டாரம் முழுக்க மோச்சி மட்டுமே பயிரிடுவது என்று விவசாயிகள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். நயோரோ என்ற குளிர் பிரதேசம் அப்படிப் பெயர் வாங்கியது. ஒருவர் மாற்றி நட்டாலும் எல்லோருக்கும் நஷ்டம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சிவப்பு வைரம்

பூரணத்தில் இருப்பது அசுகிப் பயறு. ராஜ்மா என்று சிலர் நினைப்பது தவறு. அசுகி நம் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. நான்கும் ‘விக்னா’ என்ற ஒரே பேரினம். நம் வீட்டுப் பயறைத் துளைக்கும் வண்டுகளில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அசுகி வண்டு என்றே பெயர். பூச்சிக்குக்கூட இந்த உறவு தெரிந்திருக்கிறது.

ஜப்பானில் விளையும் அசுகியில் பெரும்பகுதி ஹொக்கைடோவிலிருந்து வருகிறது. அதிலும் டொகாச்சி சமவெளிதான் முதலிடம். மே மாதக் கடைசியில் விதைத்து, முதல் உறைபனி விழுவதற்குள் அறுத்துவிட வேண்டும். பூக்கும் சமயத்தில் குளிர் அடித்தால் பூ உதிரும். ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் போட்டால் மண்ணில் தங்கும் பூஞ்சணம் தண்டைத் தாக்கி இலையை உதிர்த்துவிடும். அதனால் கோதுமை, சர்க்கரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, பயறு என்று சுழற்சியாகத்தான் பயிர் செய்கிறார்கள். பயறும், சர்க்கரை காய்ச்சும் கிழங்கும் ஒரே நிலத்தில் மாறி மாறி வருகின்றன.

விளைச்சல் இப்படி வானத்தை நம்பியிருந்ததால் விலையும் ஆடியது. 1952-ல் தொடங்கிய டோக்கியோ தானியச் சந்தையில் அசுகி முன்பேர வியாபாரம் சூதாட்டம் போல நடந்தது. அந்தப் பயறுக்கு ‘சிவப்பு வைரம்’ என்ற பட்டப்பெயரே வந்தது. வைரம் என்று பெயர் வைத்தவர்கள் வியாபாரிகள். குளிரில் பூ உதிர்ந்தவருக்கு விலை ஏறியும் விற்கப் பயறு இல்லை. இதற்கு விடை கண்டது ஆராய்ச்சி நிலையம்தான். 1981-ல் டொகாச்சி வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘எரிமோ ஷோசு’ என்ற ரகம் குளிரை ஓரளவு தாங்கியது. பூரணமும் நன்றாக வந்தது. பல வருடங்கள் அதுவே முன்னணி ரகமாக இருந்தது. ஆனாலும் 1993-ல் கோடையே வராதது போலக் குளிர்ந்த ஆண்டில், நெல்லோடு பயறும் அடிவாங்கியது.

கிழக்கு ஜப்பானில், விசேஷ நாள்களில் செய்யும் செஞ்சோற்றுக்கு அசுகிக்குப் பதில் தட்டைப்பயறு போடும் வழக்கம் உண்டு. அசுகி வேகும்போது வயிறு வெடிக்கும். அது போர்வீரர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவதை நினைவூட்டியதால் ஒதுக்கினார்கள் என்று சொல்வார்கள். ஆக, தட்டைப்பயறு ஜப்பான் சமையலறைக்குப் புதிதல்ல.

உப்பும் இனிப்பும்

பூரணம் செய்யும்போது அசுகியை ஒரு கொதி விட்டு, துவர்ப்புள்ள அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். புதுத் தண்ணீரில் விரலால் நசுங்கும் வரை வேகவைத்த பிறகே சர்க்கரை போடுவார்கள். முன்னாலேயே போட்டால் பயறு இறுகி, எத்தனை நேரம் வைத்தாலும் வேகாது. கால் கிலோ பயறுக்கு 200 முதல் 250 கிராம் சர்க்கரை. இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பு, உப்பாகத் தெரியாது. இனிப்பைத் தூக்கிக் காட்டும். தோலோடு விட்டால் ஒரு வகைப் பூரணம்; சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கினால் இன்னொரு வகை.

செம்பெயில் இதே கணக்கு தலைகீழாக வரும். சோயா சாஸின் உப்பு முன்னால். அதன் மேல் ஒட்டிய கல்லுச் சர்க்கரை பின்னால். அரிசி நொறுக்குத் தீனிக்குப் பெயர்போன நீகாட்டா மாகாணத்தின் நிறுவனங்கள் இதை ஊர் முழுக்கக் கொண்டுபோயின. 1976-ல் வந்த ‘ஹேப்பி டர்ன்’, 1977-ல் வந்த ‘யுகி நோ யாடோ’ இரண்டுமே உப்பும் இனிப்பும் சேர்ந்தவை. இன்றும் விற்கின்றன. நீகாட்டாவின் கமேடா நிறுவனம் இந்திய பாஸ்மதி நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து ‘காரி காரி’ என்ற பெயரில் இங்கேயும் அரிசி நொறுக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழு போட்டியிடப் போவது யாரோடு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நமத்துப்போகும் கணக்கு

வாசகியின் டப்பாவில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஈரம். நன்றாகச் சுட்ட ஓட்டில் ஈரம் மிகக் குறைவு. பூரணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டையும் ஒட்டி வைத்தால், பூரணத்தின் ஈரம் ஓட்டுக்கு ஏறும். ஓடு நமத்துப்போகும். அப்பளத்தைச் சாம்பாரில் போட்டு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

ஜப்பானியர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். பல கடைகளில் ஓட்டைத் தனி உறையிலும், பூரணத்தைத் தனி உறையிலும் வைத்து விற்பார்கள். வாங்கியவர் சாப்பிடும் நேரத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். செலவும் குறைவு, திரும்பி வரும் சரக்கும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும் தஞ்சாவூருக்கு இது இன்னும் அவசியம்.

அட்டையில் அரிசியின் ஊர்

2008-ல் ஜப்பானில், சாப்பிடத் தகுதியில்லை என்று ஒதுக்கிய அரிசி உணவு அரிசியாக விற்கப்பட்டு, மதுவுக்கும் பலகாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது அம்பலமானது. மக்கள் கொதித்தார்கள். அதன் பிறகு சட்டம் வந்தது. 2011 ஜூலை முதல் அரிசிப் பலகாரத்திலும் அரிசி எந்த நாட்டில் விளைந்தது என்று வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். வாசகியின் வீட்டு டப்பாவின் பின்பக்கத்திலும் அது அச்சாகியிருக்கும். சொந்த வயல் அரிசியில் செய்யும் குழுவுக்கு, ஊர்ப் பெயரை அச்சிடுவது செலவில்லாத விளம்பரம்.

குழு என்ன செய்யலாம்?

முதலில், அரிசி. இட்லி அரிசியில் மோனாகா ஓடு வராது. உப்பாமல் கல் போல இறுகும். செம்பெய் மாதிரி கெட்டியான உப்புத் தட்டை வரும். மெல்லிசாகத் தேய்த்தால் சாப்பிடலாம். ஓடுதான் வேண்டும் என்றால் ஒட்டும் அரிசி தேவை. அசாமில் ‘போரா’ என்ற ஒட்டரிசி விளைகிறது. கையில் உள்ள அரிசி எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு மணியை உடைத்து, தண்ணீர் கலந்த டிங்சர் அயோடின் ஒரு துளி விட்டால் போதும். கருநீலமானால் சாதாரண அரிசி. செம்பழுப்பானால் ஒட்டரிசி. கருப்புக் கவுனி போன்ற அரிசியையும் இப்படிச் சோதித்துவிட்டு இறங்குவது நல்லது.

இரண்டாவது, பயறு. தட்டைப்பயறில் பூரணம் செய்யலாம். இரவு ஊறவைத்து, முதல் கொதித் தண்ணீரைக் கொட்டி, நன்கு வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, சர்க்கரை சேர்த்துச் சுருள வதக்க வேண்டும். சுவை அசுகி போல இருக்காது. அதனால் ‘அசுகி’ என்று அட்டையில் போடக் கூடாது. தட்டைப்பயறு என்றே போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பூரணத்தைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று, நான்கு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அதைவிட அதிக நாள் விற்பதென்றால் ஆய்வகச் சோதனை இல்லாமல் தேதி அச்சிடக் கூடாது.

மூன்றாவது, இயந்திரம். தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. பழைய பெயர் பயிர்ப் பதன தொழில்நுட்பக் கழகம். அங்கே தொழில்முனைவோருக்கான வழிகாட்டும் மையத்தில் விசாரித்தால், சொந்தமாக வாங்குவதற்கு முன் சோதனை முறையில் செய்து பார்க்க வழி கேட்கலாம். விற்பனைக்கு இறங்கும்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும்.

அதற்கும் முன்னால் வீட்டு அடுப்பு போதும். ஒரு கிலோ அரிசியில் உப்புத் தட்டை செய்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வைக்க வேண்டும். பத்தாம் நாள் குழுவில் எல்லோரும் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்துப் பார்க்கட்டும். ‘படக்’ என்று சத்தம் வந்தால் மறுபடி மழைக்காலத்தில் ஒரு தடவை. அப்போதும் சத்தம் வந்தால், வங்கிக்குப் போகலாம்.