மின்னணு ரூபாயும் சங்கச் சேமிப்பும்

காசிமேட்டு மீன் சந்தையிலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளை அடுத்த கடைகளிலும் கைபேசி வழியே பணம் செலுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆயினும் அது புதிய பணமன்று. ஒருவர் வங்கிக் கணக்கிலுள்ள தொகையை மற்றொருவர் கணக்குக்கு மாற்றும் கட்டளையே. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1-ஆம் நாள் பொதுமக்களிடையே சோதனையாகத் தொடங்கிய மின்னணு ரூபாயோ வேறு வகையினது. நோட்டைப் போலவே அது ரிசர்வ் வங்கியின் நேரடிப் பொறுப்பு; காகிதந்தான் இல்லை.

இதனால் நமக்கு என்ன என்று அங்கத்தினர் கேட்கலாம். நெசவாளருக்கு நூல் வாங்கவும், விவசாயிக்குப் பயிரிடவும் கிடைக்கும் கடனுக்கு, சங்கங்களிலும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளிலும் மக்கள் இட்டுவைக்கும் வைப்புத் தொகை ஒரு முக்கிய ஊற்று. அது மின்னணு ரூபாயாக மாறி வெளியேறினால் கடன் வழங்கும் வலிமை குன்றும். வங்கிகளிடையே பணமுடை தோன்றி வட்டி ஏறும். அதனைத் தணிக்க ரிசர்வ் வங்கியே மேலும் பணம் புழங்கவிட நேரும்.

அமைதிக் காலத்தில் இவ்வெளியேற்றம் மெல்லவே நிகழும்; பீதியுற்ற காலத்தில் அவ்வாறன்று. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அந்த வடுவினின்றே 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அந்நாளில் பணத்தை மீட்க வங்கி வாயிலுக்கு நடந்து செல்ல வேண்டும்; மாலையில் கதவும் மூடப்படும். இனி ஒரு வதந்தி போதும். நள்ளிரவிலும் சேமிப்பு இடம் மாறக்கூடும். கூட்டுறவு வங்கிகளின் வைப்புக்கு 2020 முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. தொடக்கச் சங்கங்களின் வைப்புக்கு அந்தக் காப்பும் இல்லை. முதல் அடி விழுவது எளிய சங்கத்தின் மீதே.

ஆதலால் மின்னணு ரூபாயை வெறுத்து ஒதுக்க வேண்டுமென்பதில்லை. இணையத் தொடர்பின்றியும் அதனைக் கைமாற்றும் வழி உருவாக்கப்பட்டிருப்பது பயனுள்ளதே. ஆனால் அதற்கு வட்டியில்லை என்னும் இன்றைய விதி நீடிக்க வேண்டும். யூரோ நாடுகளின் மத்திய வங்கி கருதுவது போல், ஒருவர் வைத்திருக்கத்தக்க தொகைக்கு உறுதியான வரம்பும் வேண்டும். அதனை மக்களிடம் சேர்க்கும் பணியில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இடமளித்தல் வேண்டும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. காலந்தவறாத தணிக்கை, தவணை தவறாத கடன் அடைப்பு, கேட்ட நாளில் வைப்பைத் திருப்பித் தரும் நேர்மை ஆகிய மூன்றும் உள்ள சங்கத்தை எந்த வதந்தியும் அசைக்காது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.