ரோனோக்கின் பதினேழு பெண்கள்

அமெரிக்காவின் தொடக்கக் கதைகளில் ரோனோக்கைப் போல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது குறைவு. 1587-இல் இன்றைய வட கரோலினாவின் கரையோரத் தீவு ஒன்றில் ஆங்கிலேயர்கள் குடியேறினார்கள். மூன்றே ஆண்டுகளில் மாயமாக மறைந்தார்கள் என்கிறது கதை. அதில் பெண் என்று நினைவுகூரப்படுவது அநேகமாக வர்ஜினியா டேர் என்ற கைக்குழந்தை மட்டுமே. மற்ற பெண்கள் கணவன்மார் பின்னால் வந்து, வாய் திறக்காமல் அழிந்துபோனவர்களாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், பெண்கள் சும்மா உடன் வந்தவர்கள் என்ற கூற்று. இதே தீவில் 1585-இல் ரால்ஃப் லேன் தலைமையில் தங்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். உணவுக்கு அங்கிருந்த பழங்குடியினரையே நம்பியிருந்தார்கள். பிறகு அவர்களோடு பகை மூண்டு, தலைவர் விங்கினாவையே கொன்றார்கள். 1586-இல் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களில் ஏறி ஊர் திரும்பினார்கள். அது ஒரு படைமுகாம், அவ்வளவுதான். 1587-இன் திட்டம் அதிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. ஓவியர் ஜான் வைட் ஆளுநராக வர, நிலம் தருவதாகச் சொல்லிக் குடும்பங்களை அழைத்துவந்தார்கள். குடியேறியவர்களின் பெயர்ப் பட்டியலில் 17 பெண்களும் 9 சிறுவர்களும் இருக்கிறார்கள். பெண்கள் இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு முகாமாகவே இருந்திருக்கும்.

எல்லாரும் யாரோ ஒருவரின் மனைவிதான் என்பதும் சரியில்லை. டேர், ஹார்வி என்று கணவரோடு சேர்த்து அடையாளம் காணத்தக்கவர்கள் உண்டு. ஆனால் எம் மெரிமோத், ஜேன் மேனரிங், எலிசபெத் கிளேன் ஆகியோரின் குடும்பப் பெயர் அந்த ஆண்கள் பட்டியலில் யாருக்கும் இல்லை. தனியாக வந்தார்களோ, வேலைக்கு வந்தார்களோ. மனைவி என்று முத்திரை குத்த ஆதாரம் கிடையாது.

வாய் திறக்காதவர்கள் என்ற கூற்றுக்கு வைட்டின் சொந்தக் குறிப்பே பதில் சொல்கிறது. உணவும் பொருளும் கொண்டுவர அவரே இங்கிலாந்து திரும்ப வேண்டும் என்று குடியேறியவர்கள் வற்புறுத்தினார்கள். அவர் தயங்கினார். ஆகஸ்ட் 23 அன்று ஆண்களோடு பெண்களும் வந்து மீண்டும் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அப்போது அவருடைய மகள் எலினோர் டேர் பிரசவித்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அட்லாண்டிக்கைக் கடந்து, கரையேறி ஒரு மாதம் முடிவதற்குள் பெற்றவள் அவள். மார்ஜரி ஹார்வியும் அப்படியே வந்து, சில நாள்களில் பெற்றெடுத்தாள். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுகூடப் பதிவில்லை. புகழ்பெற்ற வர்ஜினியாவைப் பற்றியோ, ஆகஸ்ட் 18-இல் பிறந்து 27-இல் தாத்தா கப்பலேறியது வரைதான் தெரியும். அந்த ஒன்பது நாள்மேல் எத்தனை கதைகளைக் கட்டிவிட்டார்கள்! பெற்றவளைக் கேட்பாரில்லை.

கடைசியாக, மாயமாக மறைந்தார்கள் என்பது. ஸ்பெயினுடனான போரால் தாமதமாகி, 1590 ஆகஸ்டில் திரும்பிய வைட் கண்டது, கழற்றி எடுத்துச் செல்லப்பட்ட வீடுகளையும் ஒரு கம்பத்தில் செதுக்கிய 'குரோட்டோவன்' என்ற சொல்லையும். ஆபத்தில் போனால் சிலுவைக் குறி இட வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். அந்தக் குறி இல்லை. குரோட்டோவன் என்பது ஆங்கிலேயரின் நண்பர் மான்டியோவின் உற்றார் வாழ்ந்த தீவு, இன்றைய ஹட்டெராஸ். எங்கே போகிறோம் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். புயலால் வைட்டின் கப்பல் அங்கே போக முடியாமல் போனது. பின்னாளில் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர்கள், இவர்களைப் பழங்குடித் தலைவர் பவ்ஹாட்டான் கொன்றுவிட்டதாக எழுதினார்கள். அதை உறுதிப்படுத்தும் உடல்களோ புதைகுழியோ கிடைக்கவில்லை. ஹட்டெராஸ் மக்களோ தங்கள் முன்னோரில் சிலர் வெள்ளையர் என்று சொன்னதாக ஜான் லாசன் 1709-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். இதுவும் நிரூபணம் ஆகாது; ஆனால் அழிவை மட்டுமே சொல்லும் கதைக்கு இது இடம் தரவில்லை.

பதினேழு பெண்களின் பெயர்களும் 1589-இலேயே ரிச்சர்ட் ஹக்லூத்தின் தொகுப்பில் அச்சேறிவிட்டன. ஒருத்திக்கு மட்டும் குடும்பப் பெயர்தான் இருக்கிறது. ரோனோக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அந்தப் பட்டியலைப் படிக்கட்டும்.